நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்: எழும்பூரில் என்ன செய்வார்கள், வீட்டில் என்ன செய்யவேண்டும்

கேட்கப்பட்டது இது: நாலு வயதுப் பையன். பத்து நாளாகக் காலையில் கண் இமை வீங்கியிருந்தது, பிறகு காலும் வயிறும் ஊதிவிட்டன. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சிறுநீரைப் பார்த்துவிட்டு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று சொல்லி, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிட்னி போய்விட்டதா, அங்கே என்ன செய்வார்கள், எத்தனை நாளில் சரியாகும்?

முதல் கேள்விக்கு முதலில் பதில். இந்த வயதில் வரும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் பெரும்பாலும் கிட்னி போவதில்லை. சிறுநீரகத்தின் சல்லடையில் ஓட்டை விழுந்து, இரத்தத்தில் இருக்கவேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. இரத்தத்தில் ஆல்புமின் (100 மி.லி.க்கு) 3 கிராமுக்குக் கீழே இறங்கும்போது நீர் இரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்து, தளர்வான இடங்களில் தேங்குகிறது. இமை, கால், வயிறு, ஆண் குழந்தைகளுக்கு விதைப்பை எல்லாம் வீங்குவது அதனால்தான். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலை பெரும்பாலும் கெடாமல் இருக்கும். அந்த வேலை சரியாக நடக்கிறதா என்று காட்டும் இரத்த அளவுதான் கிரியேட்டினின். நம் ஊரில் கிரியேட்டினினையும் "உப்பு" என்கிறார்கள், சிறுநீரில் புரதம் போவதையும் "உப்பு போகுது" என்கிறார்கள். இந்த ஒரு சொல்லால் எத்தனையோ குடும்பங்கள் டயாலிசிஸ் பயத்தோடு பஸ் ஏறுகின்றன. உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் எவ்வளவு, ஆல்புமின் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வெவ்வேறு சமாசாரம்.

இப்படி வரும் குழந்தைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஸ்டீராய்டு மாத்திரையிலேயே புரதம் ஒழுகுவது நின்றுவிடுகிறது, பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள். ஆனால் நின்றது திரும்ப வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது வரும், பலருக்குப் பல தடவை வரும். ஆகவே "எத்தனை நாளில் சரியாகும்" என்பதற்கு நேர்மையான பதில்: இந்தத் தடவை சில வாரத்தில், நோய் முழுதாக விலகச் சில ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் குழந்தையைக் காப்பாற்றுவது முக்கியமாக, தினமும் காலையில் வீட்டில் பார்க்கும் சிறுநீர்ச் சோதனையும் அதை எழுதிவைக்கும் நோட்டும்தான். ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவு அந்த நோட்டை வைத்துத்தான் மருந்தைக் கூட்டும், குறைக்கும், மாற்றும். நோட்டு இல்லாமல் போனால் மருத்துவர் ஊகத்தில்தான் எழுதவேண்டியிருக்கும். இந்தப் பதிலில் அதைப் பற்றி நீளமாக எழுதியிருப்பதற்கு இதுவே காரணம்.

முதல் சில நாட்கள்

எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. அதாவது அங்கே சிகிச்சையும் நடக்கிறது, குழந்தை மருத்துவ மேற்படிப்பும் நடக்கிறது. பேராசிரியர் ஒருவர் தலைமையில் உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள் என்று யூனிட் யூனிட்டாக வேலை செய்வார்கள். ஒரே கதையை மூன்று பேர் மூன்று தடவை கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் முழுதாகச் சொல்லுங்கள். இரவில் மூச்சு வாங்கினால் ஓடி வருவது அந்த முதுநிலை மாணவர்தான், அவருக்கும் விவரம் தெரிந்திருக்கவேண்டும். எந்த யூனிட், தலைமை மருத்துவர் யார் என்பதை முதல் நாளே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்குக் காரணம் தெரிந்தால் பதில் சரியாக வரும். சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனதா, சில வாரம் முன்னால் சிரங்கோ தொண்டை வலியோ இருந்ததா என்று கேட்டால், வேறு வகைச் சிறுநீரக அழற்சியைத் தள்ளிவைக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்பது குறை சொல்வதற்கு இல்லை. ஸ்டீராய்டுக்கு அடங்காத சில வகைகள் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே மரபணுக் குறை சேர்ந்து வருவதால் உண்டாகின்றன. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற கேள்வி மிக முக்கியம். உள்ளே உறங்கும் காசநோயை ஸ்டீராய்டு கிளப்பிவிடும். அதனால்தான் மாத்திரை தொடங்குமுன் கையில் மாண்டூ ஊசி போடுகிறார்கள், தேவையானால் மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மாண்டூ ஊசி போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்த்து அளக்கவேண்டும். தேய்க்கவோ மஞ்சள் பூசவோ கூடாது.

சிறுநீரில் புரத–கிரியேட்டினின் விகிதம், இரத்தத்தில் ஆல்புமின், கொழுப்பு, கிரியேட்டினின், இவைதான் அடிப்படைச் சோதனைகள். கொழுப்பு 200-க்கு மேல் ஏறியிருக்கும். ஆல்புமின் குறைந்ததைக் கல்லீரல் ஈடுகட்டப் பார்ப்பதன் பக்கவிளைவு அது. குழந்தை எண்ணெய்ப் பலகாரம் தின்றதால் வந்ததில்லை.

"பயாப்சி எடுக்கவில்லையே, சரியாகப் பார்க்கிறார்களா?" என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். நாலு வயதில், இரத்த அழுத்தம் சரியாக இருந்து, சிறுநீர் சிவக்காமல், கிரியேட்டினினும் சரியாக இருந்தால் முதலில் பயாப்சி தேவையில்லை. ஸ்டீராய்டுக்கு அடங்குகிறதா என்பதே நல்ல சோதனை. ஒரு வயதுக்குள் வந்தாலோ, 12 வயதுக்கு மேல் தொடங்கினாலோ, சிறுநீரில் கண்ணுக்குத் தெரிய இரத்தம் போனாலோ, இரத்த அழுத்தம் இறங்காமல் நின்றாலோ, மாத்திரைக்கு அடங்காமல் போனாலோதான் ஊசியால் சிறுநீரகச் சதையைச் சிறிது எடுத்துப் பார்ப்பார்கள்.

மாத்திரைக் கணக்கு

மருந்து பிரெட்னிசோலோன். முதல் தடவைக்கு 6 வாரம் தினமும், பிறகு 6 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், ஆக மொத்தம் 12 வாரம். தினசரிக் காலத்தில் உடற்பரப்பில் (உயரமும் எடையும் வைத்துக் கணக்கிடுவது) ஒரு சதுர மீட்டருக்கு 60 மி.கி., அதிகபட்சம் 60. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும்போது 40 மி.கி., அதிகபட்சம் 40. எடையை வைத்துப் போட்டால் கிலோவுக்கு 2 மி.கி., பிறகு 1.5 மி.கி.

இந்த இரண்டு கணக்கும் சின்னக் குழந்தைக்கு ஒன்றாக வராது. 15 கிலோ எடை, 98 சென்டிமீட்டர் உயரம் உள்ள பிள்ளைக்கு எடைக் கணக்கில் 30 மி.கி., பரப்புக் கணக்கில் சுமார் 38 மி.கி. வரும். சிறுநீரகப் பிரிவில் உயரத்தையும் விடாமல் அளப்பது இதற்காகவும்தான். எடையும் வீங்கிய எடையாக இருக்கக்கூடாது, வீங்குவதற்கு முன் இருந்த எடை வேண்டும். அங்கன்வாடி அட்டையிலோ தடுப்பூசிப் புத்தகத்திலோ கடைசியாக எழுதிய எடை இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். நீர் வடிந்த பிறகு கிடைக்கும் எடையை நோட்டில் கட்டம் போட்டு எழுதிவையுங்கள்.

12 வாரத்தை இன்னும் நீட்டினால் திரும்ப வராதோ என்று முன்பு பலரும் நினைத்தார்கள். டெல்லி எய்ம்ஸும் வேறு சில இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வு, மூன்று மாதம் கொடுப்பதையும் ஆறு மாதம் கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நீட்டியதால் திரும்ப வருவது குறையவில்லை. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், நமக்கு மட்டும் ஏன் நிறுத்துகிறார்கள் என்று கலங்கவேண்டாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் வீட்டில்தான், அதுவும் சின்னச் சின்ன விஷயத்தில். சிரப் இரண்டு செறிவில் வருகிறது: 5 மி.லி.யில் 5 மி.கி. இருப்பது ஒன்று, 5 மி.லி.யில் 15 மி.கி. இருப்பது மற்றொன்று. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் மூன்று மடங்கு கூடும் அல்லது மூன்றில் ஒன்றாகக் குறையும். பாட்டிலில் எழுதியிருப்பதை ஒவ்வொரு தடவையும் படியுங்கள். சீட்டில் "எத்தனை மி.லி." என்பதோடு "எத்தனை மி.கி." என்றும் எழுதி வாங்குங்கள். மாத்திரையிலும் 5, 10, 20, 40 என்று உண்டு. போன தடவை அட்டையில் இரண்டு மாத்திரை கொடுத்தோம், இந்தத் தடவையும் இரண்டு என்று கொடுத்துவிடுகிறார்கள்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுக்கும் காலத்தில் "ஒற்றைப்படைத் தேதி" என்று மனக்கணக்கு வைப்பவர்கள் மாதக் கடைசியில் தடுக்கி விழுகிறார்கள். 31-ம் ஒற்றை, மறுநாள் 1-ம் ஒற்றை. காலண்டரில் மூன்று மாதத்துக்கும் முன்கூட்டியே பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள். வட்டம் போட்ட நாளில் காலை உணவோடு கொடுத்துவிட்டு, வட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு. கொடுத்தவுடன் வாந்தி எடுத்தால் எத்தனை நிமிடத்துக்குள் என்றால் திரும்பக் கொடுக்கவேண்டும் என்பதை வார்டிலிருந்து கிளம்பும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முகம் உருண்டையாகும், பசி கூடும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். இவை மாத்திரை குறையும்போது தாமே குறையும். முகம் வீங்குவது நோயாலா மருந்தாலா என்று குழப்பம் வந்தால் சிறுநீரைப் பாருங்கள். புரதம் இல்லை என்றால் அது மருந்தின் உருண்டை. இந்த முகத்தைப் பார்த்துப் பயந்து பாதியில் மாத்திரையை நிறுத்துவதுதான் மிக ஆபத்தான காரியம். இரண்டு வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் உடம்பு தன் பங்கைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழக்கூடும். மாத்திரை முடிந்து ஓராண்டு வரைக்கும், பெரிய காய்ச்சலோ விபத்தோ அறுவை சிகிச்சையோ வந்தால், எந்த மருத்துவரானாலும் முதலில் "ஸ்டீராய்டு எடுத்த பிள்ளை" என்று சொல்லிவிடுங்கள்.

வீக்கத்துக்கு

வீக்கம் லேசாக இருந்தால் உப்பைக் குறைப்பதே போதும். நீர் பிரியும் மருந்து எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. ஃபுரோசமைடு சில சமயம் கொடுப்பார்கள். அதை வீட்டில் நீங்களாகக் கூட்டக்கூடாது. இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் நீர், ஆனால் இரத்தக் குழாய்க்குள் நீர் பற்றாக்குறை. நீர் பிரியும் மருந்தை அளவுக்கு மேல் கொடுத்தால் கை கால் சில்லிடும், நாடி வேகமாக ஓடும், வயிறு வலிக்கும், சிறுநீர் குறையும், இரத்தம் கெட்டியாகி உறையக்கூடும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும் நாளில் அந்த மருந்தைக் கொடுக்கலாமா என்று கேட்காமல் கொடுக்கவேண்டாம்.

ஆல்புமின் பாட்டில் பற்றியும் சொல்லவேண்டும். ஆல்புமின் 1.5 என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும், கடன் வாங்கியாவது ஏற்றிவிடுவோம் என்று குடும்பம் துடிக்கும். எண்ணைச் சரிசெய்வதற்காக அதை ஏற்றுவதில்லை. ஏற்றியது ஓரிரு நாளில் அதே ஓட்டை வழியாகப் போய்விடும். மூச்சு முட்டும் அளவுக்கு வீக்கம், தோல் வெடிக்கும் நிலை, குழாய்க்குள் நீர் வற்றிய அறிகுறி, இப்படிப்பட்ட நேரத்தில்தான் 20 சதவீத ஆல்புமினைக் கிலோவுக்கு அரை முதல் ஒரு கிராம் வீதம் இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். 15 கிலோ பிள்ளைக்கு அது சுமார் 38 முதல் 75 மி.லி. வேகமாக ஏற்றினால் நீர் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறும். ஏற்றும்போது நர்ஸ் அடிக்கடி வந்து நாடியும் இரத்த அழுத்தமும் பார்ப்பது அதனால்தான். சொட்டு மெதுவாக விழுகிறதே என்று நீங்களாகத் திருகிவிடாதீர்கள்.

காலைச் சிறுநீரும் நோட்டும்

எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீர்தான் வேண்டும். பகலில் ஓடியாடி நின்றுகொண்டிருந்தால் ஆரோக்கியமான பிள்ளைக்கும் கொஞ்சம் புரதம் கசியலாம். இரவு முழுக்கப் படுத்திருந்து எழும்போது போவதில் அந்தக் குழப்பம் இல்லை. பார்க்க மூன்று வழி உண்டு.

முதலாவது, சிறுநீர்ச் சோதனைப் பட்டை (டிப்ஸ்டிக்) வைத்துப் பார்ப்பது, இது எளிது. பட்டையை நனைத்து, விளிம்பில் தட்டி, பெட்டியில் எழுதியிருக்கும் நேரம், பெரும்பாலும் 60 நொடி, கழித்து நிறத்தை ஒப்பிடவேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் கூடித் தெரியும். 1+ என்றால் 100 மி.லி.யில் சுமார் 30 மி.கி., 2+ என்றால் 100, 3+ என்றால் 300, 4+ அதற்கும் பல மடங்கு மேல். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியக்கூடாது, ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, மூடியை உடனே இறுக்கவேண்டும். சென்னைக் காற்றில் மூடி திறந்து கிடந்த பட்டை பொய் சொல்லும். பட்டையை நீளவாக்கில் கிழித்து இரண்டாக்கிச் சிக்கனம் பிடிப்பவர்கள் உண்டு. நிறக் கட்டம் ஒழுங்காகப் பிளந்தால் பரவாயில்லை, ஆனால் ஈரக் கையால் கிழிக்கக்கூடாது.

இரண்டாவது, சல்போசாலிசிலிக் அமிலக் கரைசல். கண்ணாடிக் குழாயில் தெளிந்த சிறுநீரை எடுத்துச் சில சொட்டு விடவேண்டும். எத்தனை சொட்டு என்பது கரைசலின் செறிவைப் பொறுத்தது, கொடுக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் இல்லை. லேசாக மங்கி எழுத்து படிக்க முடிந்தால் 1+. வெண்மையாகி, கறுத்த கோடு மட்டும் தெரிந்தால் 2+. எதுவும் தெரியாமல் மணல் போல் துகள் மிதந்தால் 3+. மோர் திரிந்தது போல் கட்டி தட்டினால் 4+.

மூன்றாவது, காய்ச்சிப் பார்ப்பது. குழாயில் முக்கால் பங்கு எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு மேல்பாகத்தை மட்டும் சுடரில் காட்டவேண்டும். குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக்கூடாது. மேலே மங்கினால் நீர்த்த அசிட்டிக் அமிலம் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். மங்கல் கரைந்தால் அது பாஸ்பேட், கரையாமல் நின்றால் புரதம். இந்தச் சொட்டை விடாமல் வெறுமனே காய்ச்சிப் பார்த்து, நோய் திரும்பிவிட்டது என்று ஓடி வருபவர்கள் பலர்.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, காலைச் சிறுநீர், எடை, மாத்திரை எத்தனை மி.கி., காய்ச்சல் சளி ஏதாவது. அவ்வளவுதான். முதல் மாதங்களில் தினமும் பாருங்கள். நோய் அடங்கி நிலைத்த பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும் என்று மருத்துவரே சொல்வார். ஆனால் காய்ச்சல், சளி, காலையில் இமை கனம், இதில் எது வந்தாலும் அன்றிலிருந்து தினமும்.

மூன்று என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று காலை "இல்லை" அல்லது லேசான சாயல் மட்டும் என்றால் நோய் அடங்கியது. அடங்கிய பிறகு தொடர்ந்து மூன்று காலை 3+ அல்லது 4+ என்றால் திரும்பிவிட்டது. சளிக் காய்ச்சலில் ஒருநாள் 3+ வந்து மறுநாள் தானே இறங்குவது உண்டு. அதற்காக ஸ்டீராய்டு தொடங்கினால் வீண் மருந்து. மூன்றாம் நாளும் 3+ என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அன்று பிள்ளையின் முகத்தில் பெரும்பாலும் வீக்கமே இருக்காது. நோட்டின் முழுப் பயனும் இங்கேதான். வீங்குவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டால் வார்டில் படுக்காமல், ஊசி இல்லாமல், ஓ.பி.யிலேயே மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். திரும்பியதற்கு மறுபடி தினசரி அளவு, மூன்று காலை அடங்கும்வரை. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் 4 வாரம். முதல் தடவை போல 12 வாரம் தேவையில்லை.

உடனே ஓடவேண்டியவை

வீங்கிய பிள்ளைக்கு வயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அதை அஜீரணம் என்று எண்ணி ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இரவைக் கழிக்காதீர்கள். வயிற்றில் தேங்கிய நீரில் நியூமோகாக்கஸ் போன்ற கிருமி புகுந்திருக்கலாம். சிறுநீரில் ஆல்புமின் மட்டும் போவதில்லை, கிருமியோடு போராடும் புரதங்களும் போகின்றன. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும் என்பதால், காய்ச்சல் இல்லாத வயிற்று வலியைக்கூட லேசாக எடுக்கக்கூடாது. தொடையிலோ வயிற்றுத் தோலிலோ சிவந்து சூடாகப் பரவினாலும் அப்படித்தான். கடும் தலைவலியோடு வாந்தி, வலிப்பு, ஒரு கால் மட்டும் திடீரென்று கூடுதலாக வீங்கி வலிப்பது, விலாப்புறம் வலித்துச் சிறுநீர் சிவப்பது, இவை இரத்தம் உறைந்ததற்கான அறிகுறிகள். மூச்சு வாங்கினாலோ பிள்ளை துவண்டு சில்லிட்டாலோ சிறுநீரகப் பிரிவின் கிழமைக்குக் காத்திருக்கவேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள், நோட்டு கையில் இருக்கட்டும்.

சின்னம்மை தனியாகச் சொல்லவேண்டியது. பள்ளியிலோ தெருவிலோ அம்மை போட்ட பிள்ளையோடு இவன் விளையாடினான் என்று தெரிந்தால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கு ஆபத்தாகலாம். முன்கூட்டிக் கொடுக்கும் மருந்து உண்டு, ஆனால் அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. வேப்பிலையும் வேண்டுதலும் இருக்கட்டும், கூடவே ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும்.

அதிக ஸ்டீராய்டில் இருக்கும்போது உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள், அதாவது தட்டம்மை–ரூபெல்லா, சின்னம்மை, போலியோ சொட்டு மருந்து, போடக்கூடாது. அளவு குறைந்து அல்லது நின்று சுமார் ஒரு மாதம் ஆனபின் மருத்துவர் சொல்வார். போலியோ முகாமுக்குப் போகும்முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நியூமோகாக்கஸ் ஊசி, ஆண்டுதோறும் இன்ஃப்ளூயென்சா ஊசி, இவை உயிரற்றவை, போடலாம், போடவும் வேண்டும்.

சாப்பாடு

புரதம் போகிறதே என்று தினம் ஆறு முட்டை வெள்ளைக்கரு கொடுப்பதால் ஓட்டை அடைபடாது. வயதுக்கு ஏற்ற வழக்கமான புரதம் போதும்: ஒரு முட்டை, பருப்பு, பால், மீன். வீக்கம் இருக்கும்வரை உப்பைக் குறைக்கவேண்டும், நாள் முழுவதற்கும் சுமார் 1 முதல் 2 கிராம். சமையலில் குறைப்பது சுலபம். ஏமாற்றுவது அப்பளம், ஊறுகாய், வத்தல், மோர்மிளகாய், கருவாடு, சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ், பிஸ்கட். இட்லி மாவில் உப்புப் போடுவதற்கு முன் இவனுக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவையுங்கள். "குறைந்த சோடியம் உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். வாழைத்தண்டு, நெருஞ்சில் சாறு வகையறாவையும் இந்தக் காலத்தில் தள்ளிவையுங்கள். வீக்கம் வடிந்தபின் உப்புப் பத்தியம் தேவையில்லை, எல்லாரும் சாப்பிடும் சாப்பாடே போதும். ஆனால் ஸ்டீராய்டுப் பசிக்கு வடையும் சிப்ஸும் கொடுத்தால் எடை கட்டுக்கு அடங்காது. வெள்ளரி, கொய்யா, சுண்டல் கைவசம் இருக்கட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஐபுரூஃபென், மெஃபனமிக் அமிலம் கலந்த மருந்துகள் சிறுநீரகத்துக்கு ஆகாது.

அடிக்கடி திரும்பினால்

முதல் ஆறு மாதத்தில் இரண்டோ அதற்கு மேலோ திரும்பினால், அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் மாத்திரையில் இருக்கும்போதோ, அதை நிறுத்தி இரண்டு வாரத்துக்குள்ளேயோ அடுத்தடுத்துத் திரும்பினால், ஸ்டீராய்டை மட்டும் நம்பியிருக்கமாட்டார்கள். வளர்ச்சி நிற்கும், கண்ணில் புரை வரலாம், எலும்பு மெலியும். லெவாமிசோல், மைக்கோஃபினோலேட், சைக்ளோபாஸ்ஃபமைடு, டாக்ரோலிமஸ், ரிட்டுக்சிமாப் என்று ஏணிப்படி போல மருந்துகள் உண்டு. எந்தப் படி என்பதை நோட்டில் உள்ள தேதிகளும் அப்போது ஓடிய மாத்திரை அளவும்தான் முடிவு செய்யும். டாக்ரோலிமஸ் எடுக்கும் பிள்ளைக்கு இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில், காலை டோஸைக் கொடுக்காமல் கூட்டிப்போய், இரத்தம் எடுத்தபின் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டுப் போனால் எண் பொய்யாக உயர்ந்து, மருந்தை வீணாகக் குறைத்துவிடுவார்கள். எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், பம்பளிமாஸ் பழம் ஆகியவை அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

ஆறு வாரம் தினமும் கொடுத்தும் அடங்காவிட்டால் அது வேறு பாதை. பயாப்சி, மரபணுச் சோதனை, டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள். மரபணுக் குறை என்று உறுதியானால் ஸ்டீராய்டு உதவாது என்பதால் அதை நிறுத்திவிடுவார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளவேண்டாம், பலனில்லாத மருந்தின் கேட்டிலிருந்து பிள்ளையைக் காப்பதற்காகச் செய்வது அது. இந்தக் கட்டத்தில்தான் பல துறைகள் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியின் அருமை தெரியும். பயாப்சியைப் படிக்கும் நோயியல் நிபுணர், கண் மருத்துவர், உணவியல் நிபுணர் எல்லாரும் ஒரே ஃபைலைப் பார்க்கவேண்டியிருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே எடுத்துப்போய்ப் பதிவு செய்யுங்கள், விலைகூடிய மருந்து தேவைப்படும் நாளில் அலையவேண்டாம்.

சாதாரண மறுபார்வைக்குப் போகும்போது நோட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கையில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டை, அன்று காலைச் சிறுநீர் ஒரு சுத்தமான டப்பாவில், இவ்வளவும் போதும். ஒவ்வொரு தடவையும் இரத்த அழுத்தம் பார்த்தார்களா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்தார்களா, ஆண்டுக்கு ஒருமுறை கண் பார்த்தார்களா என்று நீங்களே கேளுங்கள். கூட்டமான ஓ.பி.யில் விட்டுப்போவது இவைதான். நோய் அடங்கியிருக்கும் நாட்களில் அவன் பள்ளிக்குப் போகலாம், ஓடலாம், பந்து விளையாடலாம். படுக்க வைக்கவேண்டியதில்லை.

நோய் பருவ வயதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவர்களுக்கான சிறுநீரகப் பிரிவுக்கு மாற்றுவார்கள். அப்போது முதல் தடவை வந்த தேதி, எத்தனை தடவை திரும்பியது, எந்தெந்த மருந்து எத்தனை மாதம் ஓடியது, சைக்ளோபாஸ்ஃபமைடு கொடுத்திருந்தால் மொத்தம் எவ்வளவு, பயாப்சி ரிப்போர்ட், இவை எல்லாம் அடங்கிய ஒரு சுருக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சைக்ளோபாஸ்ஃபமைடின் மொத்த அளவுக்கு வாழ்நாள் வரம்பு இருப்பதால் அந்த ஒரு எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.